ஆறாம் நம்பர் தோட்டா

எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டே வீடெல்லாம் தேடுவேன். ஆனால் எனக்கு ஒருவர் செய்த கெடுதலை மட்டும் நான் மறந்ததே இல்லை. கோவில்பட்டியிலிருந்து புதூர் போகிற பாதையில் உள்ள எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். "அவகிட்ட வம்பு வச்சுக்கிடாத, பத்து வருசம் கழிச்சும் திருப்பிக் குடுப்பா" என்று என் நாத்தனார் தன் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் சொன்னது தப்பில்லை. இந்தக் கதையில் எனக்கு ஒரு வருஷம்தான் பிடித்தது.

கதை புரிய வேண்டுமென்றால் எங்கள் ஊர்ப் பன்றி வேட்டையின் ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மார்கழியில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும்போது ஓடையில் அடர்ந்து கிடக்கிற வேலிக்கருவை முட்புதருக்குள்ளிருந்து காட்டுப்பன்றிகள் கிளம்பி வரும். ஒரு கூட்டம் புகுந்து வெளியேறினால் ஒரு குறுக்கச் சோளம், ஏறக்குறைய ஒரு ஏக்கர், படுத்துவிடும். ஊரே சேர்ந்து ஒரு நாள் காலையில் ஓடையை வளைப்பார்கள். தகரம் தட்டிக் கலைக்கிறவர்கள் ஒரு பக்கம், துப்பாக்கிக்காரர்கள் மறுபக்கம். விழுந்த பன்றியை வேப்பமரத்தடியில் போட்டு அறுத்து வீட்டுக்கு ஒரு கூறு போடுவார்கள். தலை மட்டும் பொதுவில் சேராது. பன்றியின் உடம்பில் முதலில் யாருடைய குண்டு பாய்ந்ததோ, தலை அவருக்கு. கொன்றது யார் என்பது கணக்கில்லை. அறுக்கும்போது உன் குண்டு உள்ளே இருந்தால் போதும்.

இந்த வழக்கத்தால் எங்கள் ஊரில் நல்ல தோட்டாவைவிடப் பொடித் தோட்டாவுக்குத்தான் லாபம். எல்.ஜி. என்கிற பெரிய தோட்டாவுக்குள் ஆறே ஆறு குண்டு. குறி கொஞ்சம் பிசகினால் ஆறும் போச்சு. ஆறாம் நம்பர் தோட்டாவுக்குள்ளோ இருநூற்றுக்கும் மேல், கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக. கவுதாரியும் காடையும் சுடுவதற்கான தோட்டா அது. பன்றியைக் கொல்லாது. ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து எப்படிச் சுட்டாலும் நாலு குண்டாவது போய் ஒட்டிக்கொள்ளும். தலை கிடைத்துவிடும்.

ஊரில் அந்த ஆறாம் நம்பர் தோட்டா ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவர் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கல்யாணமான புதிதில் நானும் அவர் ஆபீஸுக்குப் பெட்டி ஒட்டியிருக்கிறேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரட்டைக்குழல் துப்பாக்கி. கறிக்கு அவருக்கு என்ன பஞ்சம்? அவருக்குத் தலைதான் வேண்டும். தாடை எலும்பைக் கோரைப்பல்லோடு எடுத்து ஆபீஸ் வாசலில் வரிசையாக அடித்து வைத்திருந்தார். வியாபாரத்துக்கு வருகிற ஆட்கள் அதைப் பார்த்து, "அண்ணாச்சி பெரிய வேட்டைக்காரர்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அந்த மார்கழி வளைப்பில் இரண்டே துப்பாக்கிகள். ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று என் மாமனாரின் தம்பி, சின்ன மாமா வைத்திருந்த பழைய கெட்டித் துப்பாக்கி. அதில் அவர் மருந்தோடு கம்பியையும் துண்டு துண்டாக நறுக்கிக் குழலின் வாய் வழியாகக் கெட்டிப்பார். எங்கள் வீட்டிலும் மாமனார் காலத்து ஒற்றைக்குழல் உண்டு, ஆனால் அது அப்போது வீட்டில் இல்லை. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த என் வீட்டுக்காரர், தேர்தல் முடிந்து மாதங்கள் ஆகியும் சோம்பேறித்தனமாகத் திரும்ப வாங்காமலே இருந்தார். அதனால் அன்றைக்குத் தகரம் தட்டுகிற கூட்டத்தில் நின்றார்.

ஒரு பெரிய ஒற்றைப் பன்றி அன்று தப்பிவிட்டது. யாரோ சுட்ட சத்தம் கேட்டது, பன்றி போய்விட்டது, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். காயப்பட்டதா என்று தேடிப் போக யாருக்கும் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஓடைப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். ஆடு மேய்க்கிறதுதான் எங்கள் பிழைப்பு. கோடையில் கிடையோடு நாகலாபுரம் தாண்டிப் போய் மாதக்கணக்கில் நடந்து திரும்புகிற கால்கள் அவருடையவை. புதருக்குள் கிடந்த அந்தப் பன்றி, புண் சீழ் பிடித்த வெறியில், நேராக அவர்மேல் பாய்ந்தது. இடது தொடையை முழங்கால் வரை கிழித்துவிட்டது. கையிலிருந்த துரட்டியால், அதாவது ஆட்டுக்குக் குழை அறுக்கிற நீளக் கம்பின் முனை அரிவாளால், அவர் அதன் தோளில் ஓங்கிக் கொத்தியிருக்கிறார். அரிவாளின் நுனி முறிந்து பன்றியின் உடம்புக்குள்ளேயே போய்விட்டது. முறிந்த மிச்சத்தோடு அவரைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள்.

கால் பிழைத்தது, ஆனால் பழைய கால் இல்லை. நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். கம்பு ஊன்றி வாசல் வரை வரலாம், ஆட்டுக்குப் பின்னால் நடக்க முடியாது. பாதி ஆடுகளை விற்றோம். மீதியை மேய்க்க நான் போனேன்.

ஆஸ்பத்திரியில் வைத்தே அவரிடம் கேட்டேன். "அதுக்கு எங்கன அடிபட்டிருந்துச்சு? பொடிக்குண்டா, கம்பியா? பாத்தியளா?"

"நான் எங்க பாத்தேன், உயிர் போற நேரத்துல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் பார்க்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்; சின்ன மாமா சுட்டிருந்தால் ரத்தத் தடம் பிடித்துத் தேடிப் போயிருப்பார். முதலாளியின் வீட்டு வாசலில் போய் நின்றேன். கூடத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க சுட்ட பன்னிதான் எங்க வீட்டுல உள்ளவிய கால எடுத்துருக்கு. வந்து அவிய முகத்தப் பாத்து ஒரு வார்த்த சொல்லுங்க" என்றேன். நான் கேட்டது அவ்வளவுதான். வைத்தியச் செலவு கேட்கவில்லை.

அவர் பல் குத்திக்கொண்டே சிரித்தார். "ஏத்தா, பன்னி வந்து எம் பேரைச் சொல்லிச்சா?"

உட்கார்ந்திருந்தவர்களும் சிரித்தார்கள். சரி, பன்றியையே சொல்லவைக்கிறேன் என்று அந்த வாசலிலேயே முடிவு செய்தேன்.

முதலில் ஸ்டேஷனிலிருந்த துப்பாக்கியை வாங்க வேண்டும். லைசென்ஸ் என் பேருக்கு மாற வேண்டும். தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்கு எத்தனை தடவை பஸ் ஏறினேன் என்று எண்ணவில்லை. "பொம்பளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்று ஒவ்வொரு மேஜையிலும் கேட்டார்கள். "பயிரக் காக்க" என்றேன் ஒவ்வொரு மேஜையிலும். லைசென்சிலும் பயிர்ப் பாதுகாப்புக்கு என்றுதான் எழுதியிருக்கும். அதை வைத்துப் பன்றியைக் கொல்லலாமா, வெறுமனே விரட்டத்தானா என்று அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் யாரும் கேட்டதில்லை. இன்றைக்கு என்றால் வனத்துறை ஜீப் வந்து நிற்கும்.

ஐப்பசியில் துப்பாக்கி கைக்கு வந்தது. தோட்டா வாங்க மதுரைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வீட்டுக்காரர் வரவில்லையா என்றார். பிறகு, "எல்.ஜி. எல்லாம் வேணாம்மா, தோள்ல உதைக்கும். சின்ன நம்பரா வாங்கிட்டுப் போங்க" என்றார்.

"கெடா முட்டி வாங்குன ஒடம்பு இது. எல்லாத்துலயும் குடுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பொடிக்குண்டு, நடுத்தரம், எல்.ஜி., ஒற்றைக் குண்டு என்று ரகத்துக்கு மூன்று நாலாகக் கட்டிக் கொடுத்தார்.

மழை விட்ட ஒரு காலையில் கண்மாய்க் கரைக்குப் போனேன். கரிசல் மண் நனைந்தால் பிசைந்த மாவு மாதிரி இறுகிக் கிடக்கும். கரைச் சரிவில் ஆட்டுத்தோலை இரண்டு மடிப்பாக விரித்து முளை அடித்தேன். காட்டுப்பன்றிக்குத் தோள்பக்கம் தோலுக்கு அடியில் ஒரு தடித்த பட்டை உண்டு, தேங்காய் நாரை அழுத்தி வைத்த மாதிரி. அதற்காகத்தான் இரண்டு மடிப்பு. காலடியால் அளந்து பத்து எட்டு, இருபது எட்டு, நாற்பது எட்டு என்று கல் வைத்து ஒவ்வொன்றாகச் சுட்டேன். முதல் வெடிக்கே தோள் கன்னிப்போனது. கடைக்காரர் சொன்னது உண்மைதான் என்று ஒப்புக்கொள்கிறேன்.

ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் தோலைத் தூக்கி மண்ணைத் தோண்டிப் பார்த்தேன். இருபது எட்டில் ஆறாம் நம்பர் தோலைத் தாண்டி விரற்கடை ஆழம்கூடப் போகவில்லை. நாற்பது எட்டில் தோலிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. இதைத்தான் அந்த மனிதர் எட்டத்தில் ஓடுகிற பன்றிமேல் விட்டிருக்கிறார். ஒற்றைக் குண்டு முழங்கை ஆழம் போனது, ஆனால் எங்கள் பழைய குழலில் அது எந்தப் பக்கம் போகும் என்று குழலுக்கே தெரியவில்லை. எல்.ஜி. இருபது எட்டுக்குள் ஆறு குண்டும் புடைக்கிற ஒரு சுளகுக்குள் அடங்கி, முக்கால் முழம் மண்ணுக்குள் இறங்கியது. நாற்பதில் ஆறும் ஆறு திசைக்குச் சிதறியது.

ஆக, எல்.ஜி. இருபது எட்டுக்குள். பன்றி பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சு இருக்கிற இடம். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் விரலை அசைக்கக் கூடாது. ஜீவகாருண்யம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அது காயத்தோடு ஓடி இன்னொரு வீட்டு ஆம்பளையின் தொடையில் விழக் கூடாது என்பது பாதி. எங்கேயோ ஓடிப்போய்ச் செத்தால் அதன் உடம்புக்குள் இருக்கிற சாட்சி நரிக்குப் போய்விடும் என்பது மீதி. சுட்ட இடத்திலேயே அது விழ வேண்டும் எனக்கு.

மார்கழி வரை வாரத்தில் இரண்டு காலை கரைக்குப் போனேன். தோட்டா வாங்க இன்னொரு தடவை மதுரைக்கும் போனேன். ஆடு மேய்க்கிற சாக்கில் ஓடையில் தடம் பார்த்தேன். ஈரக் கரிசல் எதையும் மறைக்காது. ஒரு பெரிய தடத்தில் பின்னங்கால் குளம்பு ஒன்று மட்டும் ஒரு விரல் அகலத்துக்குக் கோடு இழுத்துக்கொண்டு போனது. நொண்டி. கூட்டத்தோடு ஓடாமல் கடைசியாக, வாய்க்கால் பள்ளத்தோடு தனியாக வரும். உயிரோடு இருக்கிறாயா ராசா என்று சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வளைப்பு நாளில் சின்ன மாமாவிடம் சொல்லி முதலாளியைத் தென்பக்கம் நிறுத்த வைத்தேன். பெரிய பன்றி அந்த வழியாகத்தான் வரும் என்று சொன்னதும் அவர் குடுகுடுவென்று போய் நின்றுகொண்டார். நான் வடக்கே வாய்க்கால் ஓரம் ஒரு பனைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். தகரச் சத்தம் கேட்டது. குட்டிகளும் தாய்களுமாக ஒரு கூட்டம் பறந்து போனது. விட்டேன். ரொம்ப நேரம் கழித்து அது வந்தது. காலை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல், நேராக என்னைப் பார்த்து. முகத்துக்கு நேரே சுடக் கூடாது. விசையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டேன். பதினைந்து எட்டில் நின்று மோந்து பார்த்தது. தகரம் மறுபடி ஒலிக்கவே அந்தப் பக்கம் திரும்பியது. வலது தோளில் பழைய தழும்பு தெரிந்தது. முன்னங்காலுக்குப் பின்னால் வைத்து அழுத்தினேன். நாலு எட்டு நடந்து முகம் குப்புற விழுந்தது. அதற்குப் பிறகு ஒரு காலைக்கூட உதறவில்லை.

வேப்பமரத்தடிக்கு ஊரே வந்துவிட்டது. "தல ஒனக்குத்தான் மருமவளே" என்றார் சின்ன மாமா. அறுப்பதும் அவர்தான்.

"மொதல்ல பின்னந்தொடைய எடுங்க மாமா. தோள் கடைசில இருக்கட்டும்" என்றேன்.

தொடையைக் கீறியதும் தோலுக்கடியில் சின்னச் சின்ன முடிச்சுகள். ஒன்றை நறுக்கினார். உள்ளே ஈயம், உருண்டையாக. அடுத்ததிலும் அதுவே. ஒரு சிரட்டையில் போட்டார்.

"இது என்னது மாமா, பயறு கணக்கா?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

முதலாளி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏ, இது நம்ம ஆறாம் நம்பர்லா! போன மார்கழி வளைப்புல ஓடைக்குள்ள வச்சு விட்டேம்லா, அது. தப்பிட்டுன்னுல்லா நெனச்சேன். மொதக் குண்டு நம்மது. தல நமக்குத்தான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி. உங்களுதுதானா?"

"இந்த ஊருல வேற எவன்ட்ட இருக்கு இந்தக் குண்டு? எங்க வேணாலும் சத்தியம் பண்ணுதேன்."

"அப்ப சரி. தலைய அண்ணாச்சிக்கு எடுத்து வைங்க மாமா. இப்பத் தோளக் கீறுங்க."

கத்தி தழும்பில் இறங்கி 'டக்'கென்று எதிலோ இடித்தது. சின்ன மாமா விரலை விட்டுத் துழாவி எடுத்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, வளைந்த நுனி. நான் சாக்குப் பைக்குள் வைத்திருந்த முறிந்த துரட்டி அரிவாளை எடுத்தேன். ஒரு வருஷமாக எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். நுனியைத் துடைத்து முறிவோடு சேர்த்துப் பிடித்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. ஊரே பார்த்தது. யாருக்கும் நான் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பன்னி உங்க பேரச் சொல்லிருச்சு அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் செத்துப்போனது. தணிந்த குரலில், "என்ன வேணும்னு சொல்லுத்தா. செய்யுதேன்" என்று மடியில் கை வைத்தார்.

"துட்ட உள்ள வைங்க. நாளைக்கு ஒரு நாள் எங்க ஆட்டுக்குப் பின்னால போங்க. ஆளு அனுப்பக் கூடாது, நீங்க போகணும். ஒரு வருசமா நான் போறேன். அதுக்கு முந்தி அவிய போனாவ."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்ன மாமா சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க அண்ணாச்சி. ஞாயம்தான்" என்றார்.

மறுநாள் காலையில் வந்தார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, புதுச் செருப்போடு. வேறு செருப்பு போட்டு வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பெய்த மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. பத்தடி நடப்பதற்குள் காலுக்கு ஒரு மரக்கால் மண் ஒட்டிக்கொண்டது. ஆடுகள் அவர் சொன்னதைக் கேட்குமா? ஒன்று ஊர்ப்பக்கம் ஓடியது, இன்னொன்று அவர் வேட்டியைத் தின்னப் பார்த்தது. மேய்ச்சலுக்குப் போகிற பாதை அவர் ஆபீஸ் வாசல் வழியாகத்தான். உள்ளே பெட்டி ஒட்டிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் ஜன்னலுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி, யாரென்று இன்றும் சொல்ல மாட்டேன், சாமி வருகிற மாதிரி குலவை போட்டாள். உடனே மற்றவர்களும் போட்டார்கள். வரிசையாகப் பன்றித் தாடைகள் அடித்திருந்த வாசலைத் தலையைக் குனிந்துகொண்டே அவர் கடந்தார். எனக்கு அந்தக் குலவை இன்றைக்கும் காதில் இனிக்கிறது.

பொழுது சாயும்போது திரும்பினார். செருப்பு கையில் இருந்தது, உள்ளங்காலெல்லாம் முள். என் வீட்டுக்காரரின் கட்டிலுக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"தம்பி, அது என் குண்டுதான். பெறவு தேடிப் போயிருக்கணும், போகல. தப்புதான்."

ஒரு வருஷம் நான் காத்திருந்த வார்த்தை. என் வீட்டுக்காரர் அவருக்குச் சொம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"தெரியும் அண்ணாச்சி" என்றார். "அன்னைக்கே பாத்தேன். பின்னந்தொடை பூரா பொடிப்பொடியா ரத்தம். கம்பித் துண்டு பட்டா அப்படி இருக்காது."

முதலாளி போனதும் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"தெரிஞ்சா ஒரு வருசம் ஏன் வாயத் தொறக்கல? நான் கேட்டேம்லா, ஆஸ்பத்திரில வச்சே கேட்டேம்லா? அந்த ஆளு வீட்டு வாசல்ல நான் அசிங்கப்பட்டுட்டு வந்தேனே, அப்பயாவது சொல்லிருக்கலாம்லா?"

அவர் காலைக் கையால் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார். கோபமே இல்லாமல் என்னைப் பார்த்தார்.

"சொல்லிருந்தா நீ அவரல்லா சுட்டுருப்ப."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். கண்மாய்க் கரையில் அத்தனை காலையும் நான் குறி பார்த்தபோது அந்த ஆட்டுத்தோலுக்குப் பின்னால் பன்றி நின்றதே இல்லை. அங்கே ஒரு வெள்ளைச் சட்டைதான் நின்றது. எந்தத் தோட்டா எவ்வளவு ஆழம் போகிறது என்று முழங்கை வரை கையை மண்ணுக்குள் விட்டுத் தோண்டிப் பார்த்தேனே, அது எதற்கு என்று கட்டிலில் கிடந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த தேர்தல் வந்தது. துப்பாக்கியையும் மிச்சமிருந்த இரண்டு எல்.ஜி. தோட்டாக்களையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்தேன். தேர்தல் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று ரசீது கொடுத்தார்கள். நான் போகவில்லை.